கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கல்யாணம்

மதுரையில் ஒரு சிறிய கலைக் காட்சியகத்தில் எனக்கு வேலை. சிலைகளுக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டைகளை நான்தான் எழுதுகிறேன். என்ன உலோகம், எந்த ஊரிலிருந்து வந்தது, கையில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சாமியைப் பற்றி நாலு வரி எழுதி, கும்பிடுகிறவருக்கும் கோபம் வராமல் படித்தவருக்கும் கோபம் வராமல் முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "ஊர் கோபத்தை ஆத்துற வேலையை உனக்குப் போய்க் கொடுத்திருக்காங்களே" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார்.

காட்சியகத்தின் தலைவி, கலை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். நாங்கள் மேடம் என்போம். "அம்மன் நிற்கிறாள்" என்று நான் எழுதினால் அதை அடித்துவிட்டு, "அம்மன் சிலை நின்ற கோலத்தில் உள்ளது" என்று எழுதுவார். நான் மறுபடியும் நிற்கிறாள் என்று எழுதிக் கொடுப்பேன். இப்படியே அட்டை நாலு தடவை மேலும் கீழும் போய்வரும். அவரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குள் அவர் செருப்போடு போய் நான் பார்த்ததில்லை. கேட்டால் தரை அழுக்காகிவிடும் என்பார். பக்கத்துக் கூடத்தில் அதே தரைதான், அங்கே செருப்போடுதான் நடப்பார்.

பேரையூரைத் தாண்டி ஒரு கரிசல்காட்டு ஊர். அந்த ஊர்க் கோயிலின் சாமியும் அம்மனும் எங்களிடம் வந்தது ஒரு திருட்டு முயற்சிக்குப் பிறகு. அம்மனைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், நாய்கள் துரத்தவும் கம்மாய்க் கரையில் கருவேல முள்ளுக்குள் எறிந்துவிட்டு ஓடிவிட்டார்கள். காலையில் ஊரே போய்த் தேடி எடுத்திருக்கிறது. தோளில் ஒரு கீறல், அவ்வளவுதான். சாமியையும் அம்மனையும் அழைத்துவர நானும் போயிருந்தேன். அந்தக் கோயில் கதவைப் பார்த்தேன். ஓங்கி ஒரு உதைவிட்டால் விழுந்துவிடும். சுவரில் ஒரு பக்கம் கற்கள் வெளியே தெரிந்தன. புதிதாக ஓர் உறுதியான அறை கட்டும்வரை இரண்டு சாமிகளும் எங்கள் பாதுகாப்பில் இருக்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசிச் சம்மதம் வாங்கியவர் பூசாரி. நாற்பது வயதிருக்கும். காலையில் பூசை, பிறகு சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார்.

"திருட்டுப்பய கையில போறதுக்கு, கண்ணாடிக்குள்ள பத்திரமா இருந்துட்டுப் போகட்டும்னு நாந்தேன் சொன்னேன். அங்க ஆத்தாளுக்கு ஒரு குறை வந்தா என்னையக் கேளுங்கன்னு சொல்லியிருக்கேன். என் மானத்தைக் காப்பாத்திருங்கம்மா" என்றார்.

"நாங்க பாத்துக்கிறோம், பயப்படாதீங்க" என்று நானும் பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மேடம் அந்த ஜோடிக்காகவே ஒரு தனிக் கூடத்தை ஒதுக்கினார். பீடமும் கண்ணாடிப் பெட்டியும் செய்தவர் பழைய நகரத்துத் தச்சர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். முடிச்சில்லாத தேக்காகப் பார்த்து எடுத்து, மூலைகளை இழைத்து இழைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டார். அம்மனின் பின்னால் விழும் சடைக்கும் ஒரு சிறு விளக்கு வைத்தார். "இத்தனை காலமா இந்தச் சடையை வார்த்தவனும் பூசாரிகளும் தவிர யாரும் பார்த்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த விளக்கை இன்னொரு தடவை சரிசெய்தார். இருவரையும் பெட்டிக்குள் ஏற்றி நிறுத்தினோம். முதலில் சாமி, அவருக்கு வலப்பக்கத்தில் அம்மன். தள்ளி நின்று பார்த்தோம். கண் நிறைந்துபோயிற்று. பாய்கூட, "மாஷா அல்லா, அம்சமா இருக்கும்மா" என்றார்.

ஒருவருக்கும் உறுத்தவில்லை. எப்படி உறுத்தும்? நாங்கள் எல்லோரும் மதுரை. எங்கள் ஊரில் மீனாட்சி, சொக்கருக்கு வலப்பக்கம்தான். முதலில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் பார்க்கப் போவோம். வீட்டில் யார் சொல் எடுபடும் என்று கேட்பதற்கு "உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அம்மன் என்றால் வலப்பக்கம். எங்கள் கண் அப்படியே பழகியிருந்தது.

திறப்பு நாளன்று ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். பூசாரி வெள்ளை வேட்டியில் முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய அக்கா. பருத்திக்காட்டில் வெயில் குடித்த உடம்பு, கணீரென்ற குரல். அந்தக் கோயிலில் அம்மனுக்குச் சேலை கட்டிவிடுவது பூசாரி வீட்டுப் பெண்களின் பொறுப்பு, இத்தனை வருடமாக அந்த அக்காதான் கட்டிவிடுகிறார். வாசலில் யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்து கையைக் கூப்பினார்கள். கூப்பின கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏப்பா, ஆத்தாளுக்கு இன்னும் தாலி ஏறலையா?"

எனக்குப் புரியவில்லை. பூசாரிக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப் போயிற்று. அவர் ஊரில் அம்மன் வருடம் முழுக்கச் சாமிக்கு இடப்பக்கம்தான் நிற்பாளாம். பங்குனியில் கல்யாணத்தன்று மட்டும் வலப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தாலி ஏறியதும் இடப்பக்கம் மாற்றுவார்கள். வலப்பக்கம் நிற்கிறாள் என்றால், தாலி கட்டப்போகிறார்கள், இன்னும் கட்டவில்லை என்று அர்த்தம்.

"எங்க மதுரையில அம்மன் இப்படித்தாம்மா நிப்பா" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"அது உங்க மீனாட்சி. பட்டம் கட்டின ராணி. அவ எந்தப் பக்கமும் நிப்பா, அவளை யாரு கேக்குறது? இது எங்க ஊர்ப் பிள்ளை. தாலி ஏறாத பிள்ளைய ஆம்பள பக்கத்துல நிப்பாட்டி, சுத்தி லைட்டப் போட்டு, போறவன் வாரவனுக்கெல்லாம் காமிச்சுக்கிட்டிருக்கீங்க. உங்க வீட்டுப் பொண்ணுன்னா இப்படிச் செய்வீங்களா?"

கூட்டத்திலிருந்து ஒருவர், "பேச்சென்ன பேச்சு, வேனைப் பின்னால எடுங்கடா. ஆத்தாளை ஏத்திட்டுக் கெளம்புவோம்" என்றார். பெண்கள் குலவையும் போடவில்லை, அழவும் இல்லை, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பூசாரி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கோயில் கதவுதான் கண்முன்னால் வந்தது. இன்றைக்கு ஏற்றிக்கொண்டு போனால் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் வைப்பார்கள். அடுத்த தடவை நாய் குரைக்காவிட்டால், அம்மன் எந்த நாட்டில் எவன் வீட்டு வரவேற்பறையில் நிற்பாளோ, யார் கண்டது.

"இதுக்கு எதுக்கு இம்புட்டு ரகளை? பாய், பெட்டியைத் திறங்க. அம்மனை இந்தப் பக்கம் வச்சிருவோம், முடிஞ்சுபோச்சு" என்றேன்.

பாய் தலையைச் சொறிந்தார். "மதுரையில பொறந்தவன்மா நானு. அம்மன் இந்தப் பக்கம்தான நிக்கும்னு வச்சுட்டேன். தப்பா நினைக்காதீங்க தாயி" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

"திறக்காதீங்க!" என்று அந்த அக்கா குறுக்கே வந்தார். "மணவறையில உக்கார வச்ச பொண்ணைப் பாதியில எந்திரின்னு சொல்லுவாகளா? வலப்பக்கம் நிப்பாட்டுனது நீங்க. நிப்பாட்டிட்டீகல்ல, இனி தாலி ஏறாம இடப்பக்கம் போக மாட்டா. ஒண்ணு, எங்களோட அனுப்புங்க, எங்க ஊர்ல வச்சுக் கட்டிக்கிறோம். இல்லையா, இங்கனயே கல்யாணத்தை முடிங்க."

ஓரமாக நின்ற மேடம், "காட்சியகத்தில் கல்யாணமா?" என்றார்.

என்னைத் தனியே கூப்பிட்டுப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. "இன்னைக்கு இவங்களுக்குக் கல்யாணம் செஞ்சு வச்சா, நாளைக்கு நம்மகிட்ட இருக்கிற மேலூர்ப் பக்கத்துக் கருப்பசாமிக்குக் கிடா வெட்ட ஆள் வரும். எண்ணெய், மஞ்சள், நெருப்பு, இதெல்லாம் உலோகத்தை என்ன செய்யும்னு உனக்கே தெரியும். அதைவிட, இது எல்லாரும் வர்ற இடம். நம்புறவங்க, நம்பாதவங்க, வேற மதத்துக்காரங்க, கோயில் வாசல்லயே ஒரு காலத்துல நிறுத்தப்பட்டவங்க பிள்ளைகள், எல்லாரும் சமமா நின்னு பக்கத்துல பார்க்கிற இடம். அதை நான் விடமாட்டேன்."

"கிடாயோட வரும்போது பாத்துக்கலாம் மேடம். இப்ப வேன் நிக்குது. அம்மன் அந்தக் கதவுக்குப் போகணுமா, இங்க இருக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க." குரலை உயர்த்திவிட்டேன். எனக்கு மேடத்தின் மேல் கோபம், அந்த அக்காவின் மேல் கோபம், நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டு நின்ற எங்கள் எல்லார் மேலும் கோபம்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேரே போய் அந்த அக்காவின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரி, வாங்க. பேசுவோம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சம்பந்தம் பேசினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மேடம் எண்ணெய் கூடாது என்றார். அக்கா யோசித்துவிட்டு, கல்யாணத்தன்று அபிசேகம் கிடையாதே, சரி என்றார். நெருப்பு உள்ளே கூடாது. அப்படியானால் வாசலில் வேப்ப மரத்தடியில் குத்துவிளக்கு ஏற்றுவோம், விளக்கு அங்கிருந்தே சாட்சியாகப் பார்த்துக்கொள்ளட்டும். மாலை உலோகத்தில் படக்கூடாது. இலை விரித்துக் காலடியில் வைக்கிறோம். மேளம்? வாசலோடு நிற்கட்டும். தாலிக் கயிறு ஈர மஞ்சளாக இருக்கக்கூடாது. "காஞ்ச கயிறுதான், ஆனா மஞ்சள் நெறம் போகக்கூடாது" என்றார் அக்கா. கயிற்றுக்கு அடியில் மெல்லிய பஞ்சுத்துணி வைக்கலாம் என்று முடிவாயிற்று.

சேலையில்தான் பேச்சு முட்டிக்கொண்டது. சேலை கட்டினால் அந்தச் சிற்பியின் வேலை மொத்தமும் மறைந்துவிடும் என்றார் மேடம். "மறைக்கத்தான கட்டுறது!" என்றார் அக்கா. கூட்டம் சிரித்தது. மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் கல்யாணத்தன்று முழுக்கச் சேலை இருக்கும், மறுநாள் எடுக்கலாம், தாலி மட்டும் எப்போதும் கழுத்தில் இருக்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சேலையை எடுக்கும்போது திரை போட வேண்டும், பெண்கள்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெண்களில் நானும் இருப்பேன் என்று நானாகவே சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்தன்னைக்கும் கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கும். யாரையும் வரக்கூடாதுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் மேடம்.

"கல்யாணத்துக்கு ஆளு வர்றதை எவளாச்சும் வேணாம்பாளா? நல்லா வரட்டும்."

"நானும் வரலாமா தாயி?" என்று பாய் பின்னாலிருந்து கேட்டார்.

"இதென்ன கேள்விண்ணே? மணவறை செஞ்சவரே வராம கல்யாணமா?"

ஆனால் தாலி ஏறி இடப்பக்கம் மாற்றிய பிறகு அம்மன் இங்கேயே இருப்பாளா, ஊருக்குப் போவாளா என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. பூசாரி ஒரு தடவை பேச்சை எடுத்தார். "முதல்ல தாலி ஏறட்டும். பெறகு பாப்போம்" என்று அவருடைய அக்கா வெட்டிவிட்டார். வேன் காலியாகத் திரும்பியது. பூசாரி கடைசியாக ஏறினார். அவருக்காக யாரும் இடம் விட்டு நகர்ந்து உட்காரவில்லை.

முகூர்த்த நாளில் அவர்கள் சீர்வரிசையோடு வந்து இறங்கினார்கள். தேங்காய், பழம், வெல்லம், ஊரிலேயே முறுக்கிய கயிற்றில் கோத்த தாலி. சாதாரண நாளில் வருகிறவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்த ஒரு குடும்பம், விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய்ப் பூ வாங்கி வந்தது. விளாங்குடியிலிருந்து என் வீட்டுக்காரரும் வந்து, ஏதோ எங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாய் பெட்டியைத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். திரை போட்டோம், திரைக்குப் பின்னால் அந்த அக்கா அரக்குச் சேலையைக் கட்டிவிட்டார். உலோகத்தைத் தொடுகிறவர்கள் கையுறை போட வேண்டும் என்பது விதி. வெள்ளைப் பருத்தி உறைகளை மாட்டிக்கொண்டு அவர் கொசுவம் மடித்த அழகை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தோளில் இருந்த கீறலின் மேல் மட்டும் விரல் ஒரு கணம் நின்றது. "இங்கனதான் முள்ளு குத்துச்சு" என்றார், என்னிடம் இல்லை.

திரையை விலக்கினோம். பூசாரி அதே வெள்ளை உறை போட்ட கைகளால் தாலியை எடுத்தார். வாசலில் மேளம் உச்சத்துக்குப் போயிற்று. கூடம் அதிரக் குலவை போட்டார்கள். முடிச்சுப் போடும்போது உறை வழுக்கியது. பூசாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "பதறாத, மெதுவா" என்றார் அக்கா. முடிச்சு விழுந்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்த நிமிடமே தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொண்டார்கள். நானும் மாற்றிக்கொண்டேன், எனக்கு ஒரு கயிறு எடுத்து வந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு அம்மனை இடப்பக்கம் மாற்றினோம். பாய் ஒரு பக்கம், பூசாரி ஒரு பக்கம், அடியில் நான். பெட்டியை மூடினோம். வேப்ப மரத்தடியில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள். யாரும் முழுதாகச் சாப்பிடவில்லை. எல்லோர் கண்ணும் அந்த அக்காவின் மேல். பூசாரி இலையை மூடிவிட்டு எழுந்து வந்து கேட்டார்.

"யக்கா, வேன்காரன் கேக்குறான். ஆத்தாளை ஏத்தணுமா?"

அந்த அக்கா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "கூறுகெட்டவனே. கல்யாணம் முடிஞ்ச வீட்ல இருந்து அன்னைக்கே பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போவாகளாடா? அவ வாழ வந்த வீடு இது. நம்ம வீட்டைக் கட்டி முடிச்சுட்டு மறுவீட்டுக்கு அழைப்போம். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்."

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. வேனை எடுக்கச் சொன்ன அதே ஆள் வந்து அவர் முதுகில் கை வைத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கால் வலிப்பது அப்போதுதான் தெரிந்தது.

எல்லோரும் வேனில் ஏறினார்கள். அந்த அக்கா மட்டும் ஏறவில்லை. மறுபடியும் உள்ளே போனார், நானும் பின்னால் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பேசும்போது அந்தக் கணீர்க் குரல் இல்லை.

"வெக்கை தாங்க மாட்டா. உள்ள குளுகுளுன்னு இருக்குமா?"

"இருக்கும்."

"வர்ற பிள்ளைக கையைக் காலை நீட்டிச் சிரிச்சா ஒண்ணும் சொல்லாதீங்க. அவளுக்குப் பிள்ளைகன்னா ஆசை. பெரிய ஆளுக சிரிச்சா விடாதீங்க."

"விட மாட்டேன்."

"செவ்வாய், வெள்ளி ஒரு வார்த்தை பேசுங்க. ஊர்ல எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுங்க."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணாடியைத் தொடக்கூடாது என்று தெரிந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதார். கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிற தாய் அழுகிற அழுகைதான் அது, வேறொன்றுமில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலையிலிருந்து ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

"வாரேன் சம்பந்தி" என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த வயது வரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனிமேலும் கூப்பிட ஆளில்லை என்று எப்போதோ முடிவு செய்து, மறந்தும் போயிருந்தேன். அவர் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கி வேனில் ஏறிவிட்டார். ஓடிப்போய் வேன் சன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"போயிட்டு வாங்க சம்பந்தி. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றேன்.